தூதுவளை குரலை விழுங்கிய உச்சிவேளை

செடிகொடிகளுக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. ஆடு பேசும், அணில் பேசும், ஓணான்கூடத் தலையை ஆட்டி ஆட்டி ஊர்வம்பு அளக்கும். அந்தக் காலத்தில் தூதுவளை இப்போதுபோல வேலியில் தொற்றிக்கொண்டு கிடக்கவில்லை. தன் காலில் தானே நிமிர்ந்து நின்றது. பூ வெள்ளைவெளேரென்று இருக்கும். பெயர் மட்டும் அப்போதும் தூதுவளைதான். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். அது வேறு கதை, எனக்குத் தெரியாது.

தூதுவளைக்கு ஒரு வித்தை தெரியும். எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே பிடித்துக்கொள்ளும். காடை கத்தினால் காடை. பனையேறி இருமினால் அதே இருமல். பொழுது சாயும் நேரத்தில் மற்றச் செடிகளெல்லாம் அதன் பக்கம் சாய்ந்து நின்று கேட்கும். "எங்கே, நரிக்குக் கொட்டாவி வந்தா எப்படி இருக்கும், செஞ்சு காட்டு!" என்று கள்ளி கேட்கும். தூதுவளை செய்து காட்டும். காடே சிரிக்கும். தலைக்கனம் வராமல் இருக்குமா? நன்றாகவே வந்தது.

அது நின்ற இடம் ஓர் உடங்காடு. தெற்கே செம்மண் பூமியில், ஊர் முடிந்து மணல்தேரி தொடங்குகிற இடம். உடைமரமும் கள்ளியும் இசங்கும் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கும். காட்டின் நடுவில் ஒரு வெட்டவெளித் திடல், அதில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு பாழுங்கிணறு. அதை யார் வெட்டினார்கள், எப்போது தண்ணீர் வற்றியது, ஒருவருக்கும் தெரியாது. உச்சிவெயில் ஏறிவிட்டால் அந்தப் பக்கம் ஒரு குருவி பறக்காது. ஏனென்றால் அங்கே ஒன்று இருந்தது.

அதற்கு உடம்பு கிடையாது. வெயில் கொதிக்கும்போது தரைக்கு மேலே காற்று நெளியுமே, அந்த நெளிவுக்குள் ஒரு வாய் மட்டும் தெரியும். திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். சத்தம் வராது. ஊர்க்காரர்கள் அதை வெறுவாய் என்று சொன்னார்கள். சத்தம் இல்லாதவரைக்கும் அதால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. கண்ணில் பட்டால் காறித் துப்பிவிட்டு வேறு தடத்தில் போய்விடுவார்கள்.

ஊரின் கடைசி வீடு ஆட்டுக்காரி குருவம்மாளுடையது. புருஷன் செம்மறி மந்தையை ஓட்டிக்கொண்டு வடக்கே கிடை போடப் போயிருந்தான். வெள்ளாடுகளும் வீடும் ஒரே மகள் ஆவுடையும் அவள் பொறுப்பில். ஆவுடைக்கு ஏழெட்டு வயது இருக்கும். அந்தப் பிள்ளை நடை பழகியதே ஆடுகளின் காலுக்கு நடுவில்தான். அதனால் குருவம்மா ஆட்டைக் கூப்பிடுகிற சத்தத்திலேயே மகளையும் கூப்பிடுவாள். "ஹோவ்... பா... பா... வந்துரு, வந்துரு..." என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆடுகளும் வரும், அவற்றோடு ஆவுடையும் ஓடி வருவாள். "ஆட்டோட ஆடா வளக்கியே, நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போறவன் சோத்துக்குப் பதிலா குழையா ஒடிச்சுப் போடுவான்?" என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கேலி செய்வார்கள். குருவம்மாளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தக் கூப்பாட்டில் ஒரு சூட்சுமம் இருந்தது. அது ஆட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரியும். மேலே கேட்கிற சத்தம் யார் வேண்டுமானாலும் போடலாம். அதற்கு அடியில், அடித்தொண்டையில், மெல்லிசாக ஓர் உறுமல் ஓடும். தூரத்தில் நிற்கும் வெளியார் காதுக்கு அது எட்டாது. ஆட்டின் காதுக்கும் அந்த வீட்டு ஆள் காதுக்கும் எட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உறுமல். அந்த வீட்டில் பிறந்த பிள்ளையின் காதோடு வாய் வைத்துத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். மருமகளாக வந்தவளுக்குக்கூடத் தன் பிறந்த வீட்டு உறுமல்தான். வெளியாள் காதில் அதைப் போடக் கூடாது என்பது கட்டுப்பாடு.

அந்தக் கோடையில் செம்புழுதி குருவம்மாளின் தொண்டையைக் கட்டிவிட்டது. முதலில் கரகரத்தது, அப்புறம் வெறும் காற்றுதான் வந்தது. ஆடுகள் காலையில் மேயப் போனால் சாயங்காலம் கூப்பிட ஆள் இல்லை. ஒவ்வொன்றையும் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. மகளுக்கு இன்னும் உறுமல் படியவில்லை, பிஞ்சுத் தொண்டை. அலைந்து அலைந்து அலுத்துப்போய், குருவம்மா ஒரு நாள் காட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

"எதுக்கு அழுத, அக்கா?" என்றது தூதுவளை.

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"இவ்வளவுதானா? நான் கூப்பிட்டுத் தாரேன். என் குரலை நீ கேட்டதில்லையா?" என்று சொல்லிவிட்டு, குருவம்மாளின் குரலிலேயே கூப்பாடு போட்டது. ஓர் ஆடுகூடத் தலையைத் தூக்கவில்லை. தூதுவளைக்கு வெட்கமாகப் போய்விட்டது. "என்ன குறை? அப்படியேதானே கூப்பிட்டேன்?"

குருவம்மா யோசித்தாள். யோசித்திருக்க வேண்டிய அளவுக்கு யோசிக்கவில்லை. செடிதானே, மனுஷ வெளியாளா என்று நினைத்துவிட்டாள். எழுந்து போய், இலைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, மிச்சமிருந்த மூச்சைக் கூட்டி அந்த உறுமலைச் சொல்லிக் கொடுத்தாள்.

"யாருக்கும் குடுத்துராத" என்று காற்றாகச் சொன்னாள்.

"என்னை என்னன்னு நெனச்ச?" என்றது தூதுவளை.

அன்று சாயங்காலம் தூதுவளை கூப்பிட்டது. காட்டின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து ஆடுகள் குதித்துக்கொண்டு வந்தன. ஆவுடையும் வீட்டிலிருந்து ஓடி வந்து, செடிக்கு முன்னால் மூச்சிரைக்க நின்று, "எங்கம்மா எங்கே?" என்று நாலாபக்கமும் தேடினாள். தூதுவளைக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நாளில் குருவம்மாளின் தொண்டை திறந்துகொண்டது. குரல் வந்தது. ஆடுகளை அவளே கூப்பிட்டாள். தூதுவளைக்கு வேலை போய்விட்டது. நரிக் கொட்டாவியும் பனையேறி இருமலும் இப்போது அதற்கு உப்புச் சப்பில்லாமல் இருந்தன. ஓர் உயிரை நடக்க வைக்கிற குரலைப் போட்ட பிறகு வேறு எதில் ருசி இருக்கும்?

அப்படி அது முகம் தொங்கி நின்ற ஓர் உச்சிவேளையில் வெறுவாய் வந்தது.

கிணற்றுப் பக்கமிருந்து காற்று நெளிந்து நெளிந்து நகர்ந்தது. தூதுவளைக்கு நேர் எதிரே வந்து நின்றது. இலையெல்லாம் சூட்டில் சுருண்டன. வாய் திறந்தது, மூடியது. கள்ளி பதறிப்போய், "பேசாத! அதுகிட்ட வாய் குடுக்காத!" என்று சொல்லிவிட்டுத் தன் வாயைப் பொத்திக்கொண்டது. தூதுவளை கேட்டால்தானே.

"என்ன, உனக்குச் சத்தமே வராதா?" என்றது.

வாய் திறந்தபடியே நின்றது. உள்ளே நாக்கு இல்லை, பல் இல்லை, அந்தப் பக்கம் இருக்கிற மணல்தான் தெரிந்தது. தூதுவளைக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் பாவமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, தன் வித்தையைக் காட்ட ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம்.

"இந்தா, இதைச் சொல்லு பாப்போம்" என்று குருவம்மாளின் கூப்பாட்டைப் போட்டது. அடியில் ஓடுகிற உறுமலையும் சேர்த்தே போட்டது. கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்ததா, வந்தும் போட்டதா, அது அந்தச் செடிக்குத்தான் வெளிச்சம்.

வெறுவாய் அதை வாங்கிக்கொண்டது. ஒரு தடவைகூடத் திருப்பிச் சொல்லிப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு, வந்த வழியே நெளிந்து போய்விட்டது.

மறுநாள் ஓர் ஆடு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் இரண்டு. நரியாக இருக்கும் என்று குருவம்மா நினைத்தாள். ஆனால் ரத்தம் இல்லை, ரோமம் இல்லை. கால்தடம் வரிசையாகக் காட்டுக்குள் போயிருந்தது, ஓடின தடம் இல்லை, நிதானமாக நடந்த தடம். தடத்தோடு போன குருவம்மா பாழுங்கிணற்றுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டாள். அதற்கு அப்பால் வெறுவாயின் இடம் என்று திரும்பிவிட்டாள்.

அன்று பட்டியில் கிழட்டு ஆடு கொம்பி அவளிடம் வந்தது. ஆடுகள் பேசினாலும் தீவனத்தைத் தவிர வேறு எதையும் பேசுகிற வழக்கம் அவற்றுக்கு இல்லை. கொம்பி பேசியது.

"அக்கா, உச்சிக்கு நீ எங்கே இருந்த?"

"வீட்டுல கூழு கரைச்சுக்கிட்டு இருந்தேன். ஏன்?"

"நீ கூப்பிட்டயே. காட்டுக்குள்ள இருந்து. காட்டோரம் மேஞ்ச நாங்க மூணு பேரும் கெளம்பிட்டோம். எனக்குக் கால் வலி, பின்தங்கிட்டேன். முன்னால போன ரெண்டும் திரும்பல." கொம்பி கொஞ்ச நேரம் அசைபோட்டது. "நீ வீட்டுல இருந்தயானா, அங்கே கூப்பிட்டது யாரு?"

குருவம்மா பதில் சொல்வதற்குள், வாசலில் சோளத்தட்டையை வைத்து விளையாடிக்கொண்டிருந்த ஆவுடை சாதாரணமாகச் சொன்னாள்: "எனக்கும் கேட்டுச்சும்மா. நீ உள்ளே இருக்கையில வெளியேயும் கூப்பிட்ட. நான்தான் வெயிலுன்னு போகல."

அன்றிலிருந்து அவள் மகளைக் கண்ணை விட்டு நகரவிடவில்லை. எத்தனை நாள் முடியும்? ஆடு மேய வேண்டும், அடுப்பு எரிய வேண்டும். கூப்பாட்டை யாரிடம் கொடுத்தோம் என்று யோசித்தாள். யோசிக்கப் பெரிதாக என்ன இருக்கிறது, ஒரே ஓர் இடத்தில்தானே கொடுத்தாள். மகளை வீட்டுக்குள் உட்கார வைத்து, "நான் கதவைத் தொறக்கிறவரைக்கும் யாரு கூப்பிட்டாலும் வரப்புடாது, நானே கூப்பிட்டாலும் வரப்புடாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, விறுவிறுவென்று காட்டோரத்துக்குப் போனாள். கோபத்தில் சூரியன் எங்கே நிற்கிறது என்று அவள் அண்ணாந்து பார்க்கவில்லை.

"யாருகிட்ட குடுத்த?"

"எதை?" என்றது தூதுவளை.

"வேரோட பிடுங்கிப் போடுவேன். யாருகிட்ட குடுத்த?"

தூதுவளை முதலில் சாதித்துப் பார்த்தது. காற்றில் போயிருக்கும் என்றது, காடை கேட்டிருக்கும் என்றது. பிறகு ஆடுகள் போனதை அவள் சொன்னாள். மகள் காதில் கேட்டதையும் சொன்னாள். தூதுவளை அதற்கு மேல் சாதிக்கவில்லை.

"வெறுவாய்க்கு" என்றது. "பாவமா நின்னுச்சு, அக்கா. ஆசையில செஞ்சிட்டேன்."

குருவம்மா அந்தச் செடியைப் பிடுங்கியிருப்பாள். குனிந்தேவிட்டாள். அப்போதுதான் காட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"ஹோவ்... பா... பா... வந்துரு, வந்துரு..."

தன் குரலைத் தானே தூரத்தில் கேட்பது எப்படி இருக்கும்? அவளுக்கே ஓர் எட்டு எடுத்து வைக்கத் தோன்றியது. உறுமல் கொஞ்சமும் பிசகவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. காட்டு வெளியில், கிணற்றுத் திடலை நோக்கி ஒரு பச்சைப் பாவாடை போய்க்கொண்டிருந்தது.

"ஆவுடை! நில்லுட்டி!" என்று கத்தினாள்.

பிள்ளை நின்றது.

"ஆவுடை! நில்லுட்டி!" என்றது கிணற்றுப் பக்கம், அதே குரலில்.

பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியது.

"அது நான் இல்லட்டி! இங்கே பாரு, இந்தப் பக்கம்!"

"அது நான் இல்லட்டி! இங்கே பாரு, இந்தப் பக்கம்!"

கானல் கொதித்தது. ஆவுடைக்கு இரண்டு பக்கமும் அம்மா நிற்பது போலத்தான் தெரிந்தது. இரண்டு அம்மாவும் கையை ஆட்டினார்கள். "எதுக்கு ரெண்டு பக்கமும் நின்னு கூப்பிடுத?" என்று அழுதாள். வெறுவாய்க்குக் குரல் கிடைத்திருந்தது, சொல் கிடைக்கவில்லை. அதற்கு வேண்டிய சொல்லையெல்லாம் குருவம்மாளே கத்திக் கத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு உறைத்தபோது இன்னொன்றும் நடந்தது. 'ஆத்தா, வீட்டுக்கு ஓடிரு' என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அவள் சொல்வதற்கு முன்னால் அந்தப் பக்கமிருந்து அது கேட்டது:

"ஆத்தா, வீட்டுக்கு ஓடியா. வீடு இங்கே இருக்கு."

ஆவுடை கண்ணைத் துடைத்துக்கொண்டு கிணற்றை நோக்கி நடந்தாள்.

"அக்கா," என்றது தூதுவளை. அதன் குரல் இப்போது யார் குரலாகவும் இல்லை, ஒரு செடியின் குரலாக மட்டும் இருந்தது. "என்கிட்ட இருந்து போனதுதான் அதுகிட்ட இருக்கு. நான் என் குரலை விழுங்கிட்டா அதுவும் செத்துப்போகும். ஆனா உன்கிட்ட இருந்துதான் எனக்கு வந்துச்சு. உன்னோடதும் சேந்து போகும். அப்புறம் நீ உன் பிள்ளையப் பேரு சொல்லிக் கூப்பிட முடியாது."

"விழுங்கு" என்றாள் குருவம்மா. அந்தக் குரலில் அவள் கடைசியாகச் சொன்ன சொல் அதுதான்.

தூதுவளை விழுங்கியது. சின்ன விஷயமா? காடையும் நரியும் பனையேறியும் ஆட்டுக்காரியும், அதுவரை அது பிடித்து வைத்திருந்த அத்தனை குரலும் ஒரே மடக்கில் தண்டு வழியாக இறங்கின. கழுத்தை நெரித்தால் தோல் கன்றிப்போகுமே, அப்படி வெள்ளைப் பூவெல்லாம் ஊதாவாகக் கன்றின. காடு ஓய்ந்தது. கிணற்றுப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த குரல் பாதிச் சொல்லில் அறுந்துவிட்டது. வாய் திறந்தது, மூடியது, பழையபடி ஒன்றும் வரவில்லை.

ஆனால் ஆவுடை நிற்கவில்லை. கடைசியாக எந்தப் பக்கம் கேட்டதோ அந்தப் பக்கம் போய்க்கொண்டேயிருந்தாள்.

இதை அவர்கள் யோசிக்கவே இல்லை. குருவம்மா வாயைத் திறந்தாள், காற்றுகூட வரவில்லை. கையைத் தட்டினாள், அந்த வெயிலில் அது எங்கே கேட்கும். ஓடினாள். மணல் காலை வாரிவிட்டது, விழுந்து எழுந்து ஓடினாள். நடுவில் காடு கிடந்தது, எட்டுகிற தூரம் இல்லை. நில் என்று ஒரு சொல் சொல்ல அந்தக் காட்டில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. கள்ளியும் உடையும் இசங்கும் பயத்தில் வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தன. அன்று மூடிய வாய்தான், இன்னும் திறக்கவில்லை.

தூதுவளை கத்தப் பார்த்தது. குரல் இல்லை. நடக்கப் பார்த்தது. செடிக்கு ஏது கால்? அது தன் தண்டை நீட்டியது. நிமிர்ந்து நின்ற உடம்பு இழுபட்டு, மெலிந்து, நீண்டது. பக்கத்துக் கள்ளிமேல் விழுந்தது. அங்கிருந்து உடைமரத்துக்குப் போனது. பிடிமானம் இல்லாமல் சரிந்து சரிந்து விழுந்தபோது தண்டெல்லாம் நகம் முளைத்தது. கொக்கி மாதிரி வளைந்த நகம். இலையின் நரம்பில்கூட முளைத்தது. நகத்தால் பற்றிப் பற்றி, கிளைக்குக் கிளை தாவி, காட்டின் தலைமேலேயே ஊர்ந்து போய்க் கிணற்றுத் திடலில் இறங்கியது. ஆவுடையின் பாவாடை விளிம்பைப் பிடித்தது.

துணி கிழிந்தது. பிள்ளை இன்னும் ஓர் எட்டு வைத்தாள். மறுபடி பிடித்தது, இந்தத் தடவை துணியோடு கெண்டைக்காலையும் சேர்த்து.

"ஆ! முள்ளு!" என்று ஆவுடை குனிந்தாள்.

குனிந்த பிறகுதான் பார்த்தாள். முன்னே வைத்த காலின் கட்டைவிரலுக்குக் கீழே மண் இல்லை. விளிம்பிலிருந்து ஒரு கட்டி பெயர்ந்து உள்ளே போனது. விழுந்த சத்தம் கேட்கவேயில்லை. எதிரே, கிணற்றுக்கு மேல், அவள் முகத்துக்கு நேராக, அந்த வாய் திறந்திருந்தது.

குருவம்மா வந்து சேர்ந்து மகளை வாரித் தூக்கிக்கொண்டாள். திட்டுவதற்கும் வாய் இல்லை, கொஞ்சுவதற்கும் வாய் இல்லை. பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள். ஆவுடை அம்மாவின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, "பேசும்மா, நீதானா? ஒரு தடவ பேசும்மா" என்று கேட்டுக்கொண்டே வீடு வரைக்கும் வந்தாள். அதைத்தான் குருவம்மாளால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபின்பும் ஆவுடை அவளைச் சந்தேகத்தோடுதான் பார்த்தாள். சோறு ஊட்டினால் வாங்கிக்கொண்டாள், பக்கத்தில் படுக்க மறுத்தாள். பேசாத அம்மாவை எப்படி நம்புவது என்று அந்தச் சின்ன மனதுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் பிள்ளை தனியாகக் காட்டோரம் போய், துவண்டு தரையில் கிடந்த தூதுவளையிடம், "எங்கம்மா குரலை நீதானே வச்சிருக்க? குடு" என்று சண்டை போட்டாள். செடி வாய் திறக்கவில்லை, திறக்கவும் முடியாது. ஓர் இலையை மட்டும் அவள் கைப்பக்கம் தாழ்த்தியது. அந்த இலையைக் கொண்டுவந்து அம்மா வாயில் திணித்தாள். கசப்பும் காரமுமாகத் தொண்டையில் இறங்கியது. அடுத்த நாளும் கொண்டுவந்தாள், அதற்கடுத்த நாளும். பல நாள் கழித்து, கரகரவென்று, கிழவி குரல் மாதிரி ஒரு சத்தம் குருவம்மாளின் தொண்டையில் எழும்பியது.

"ஆவுடை" என்றாள்.

பிள்ளை ஓடி வந்து அவள் மடியில் விழுந்தாள்.

அந்த உறுமல் மட்டும் திரும்பி வரவில்லை. அதைத் தூதுவளை கொடுக்கவில்லை, எந்த இலையிலும் எந்த வேரிலும் கொடுக்கவில்லை. குருவம்மா தன் ஆடுகளின் கழுத்தில் மணி கட்டிக்கொண்டாள். இழுபட்டு மெலிந்த அந்தச் செடியால் அதற்குப் பிறகு தன் காலில் நிற்க முடியவில்லை. அவளே அதைத் தூக்கி, ஊருக்கும் காட்டுக்கும் நடுவில் இருந்த கிளுவை வேலிமேல் ஏற்றிவிட்டாள்.

தூதுவளை வேலியோரமே கதி என்று ஆனதும், பூ ஊதாவாகப் போனதும், தொண்டை கட்டினால் நாம் அதன் இலையைத் தேடிப் போவதும் அந்த உச்சிவேளைக்குப் பிறகுதான். வெள்ளைப் பூ பூக்கிற தூதுவளையும் எங்கேயோ ஒன்றிரண்டு உண்டு என்கிறார்கள். நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்தால் அதன் பக்கத்தில் நின்று யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடாதீர்கள். ஊதாப் பூவுக்குப் பயப்பட வேண்டாம். பறிக்கும்போது முள் சேலையைப் பிடித்து இழுக்கும், எடுக்க எடுக்க வேறோர் இடத்தில் மாட்டும். எரிச்சலில் வெடுக்கென்று இழுக்காமல், கொஞ்சம் நின்று, காலுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நில் என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. அதனால்தான் பிடிக்கிறது.